சனிக்கிழமைச் சம்பளமும் டீக்கடைக் கிளாசும்

1979ஆம் வருடம். திருப்பூரில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சாயங்காலம் வந்துவிட்டால் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வாரச் சம்பளம் போட வேண்டும். ஒவ்வொருவர் கணக்கையும் பார்த்து, கவரில் பணத்தை எண்ணி வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும். கட்டிங், டைலர், கைமடி, அயர்ன், பேக்கிங் என்று வாசல் வரைக்கும் வரிசை நிற்கும்.

ஒரு வாரம் அந்த வரிசையில் எங்கள் ஊர்ப் பையன் ஒருவர் நின்றார். இருபது வயது இருக்கும். அவருடைய அப்பா எங்கள் தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர். வளவில் வீடு. கவரை வாங்கிக்கொண்டு, ஊர்ப் பழக்கத்தில், "சரிங்க சாமி" என்றார். பின்னால் நின்ற டைலர் ஒருவர் சிரித்துவிட்டு, "இதென்ன கோயிலாப்பா? அண்ணான்னு கூப்பிடு" என்றார். அடுத்த சனிக்கிழமை அவர் என்னைப் பார்த்து, "சரிங்கண்ணா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது.

வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. நான் அப்போதே பத்திரிகை படிக்கிறவன், மேடைப் பேச்சு கேட்கிறவன். சாதி கூடாது என்று யாராவது சொன்னால் தலையாட்டுகிறவன். ஆனாலும் அந்த "அண்ணா" என்னை எங்கோ ஓரிடத்தில் குத்தியது. நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் குத்தல் எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. அதனால் கதையை அமெரிக்காவிலிருந்து தொடங்குகிறேன். திரும்பத் திருப்பூருக்கே வந்துவிடுவேன்.

ஒரு டைலரம்மாவின் கதை

1955 டிசம்பர் 1. அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா மாநிலம், மாண்ட்கோமரி நகரம். ரோசா பார்க்ஸ் என்ற 42 வயதுப் பெண்மணி வேலை முடிந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் வேலை பார்த்தது ஒரு பெரிய துணிக்கடையில், டைலராக. திருப்பூர்க்காரர்களான நமக்கு இது ஒன்றே போதும், அவர் நமக்கு வேண்டியவராகிவிடுவார்.

அந்த ஊர் பஸ்ஸில் முன்வரிசைகள் வெள்ளையருக்கு, பின்வரிசைகள் கறுப்பருக்கு. நடுவில் இருக்கும் வரிசைகளில் கறுப்பர் உட்காரலாம். ஆனால் வெள்ளையர் ஒருவர் நிற்க நேர்ந்தால் எழுந்துவிட வேண்டும். அன்று ஒரு வெள்ளைக்காரருக்கு இடம் இல்லை. நடுவரிசையில் இருந்த நான்கு கறுப்பரையும் டிரைவர் எழச் சொன்னார். மூன்று பேர் எழுந்தார்கள். ரோசா பார்க்ஸ் எழவில்லை. போலீஸ் வந்து கைது செய்தது. அபராதம் பத்து டாலர், கோர்ட் செலவு நான்கு டாலர்.

டிசம்பர் 5 முதல் அந்த ஊர்க் கறுப்பின மக்கள் பஸ் ஏறுவதை நிறுத்தினார்கள். அந்த ஊருக்கு அப்போதுதான் பாதிரியாராக வந்திருந்த 26 வயது இளைஞர் மார்ட்டின் லூதர் கிங் தலைமைக்கு வந்தார். மக்கள் நடந்தே வேலைக்குப் போனார்கள். கார் வைத்திருந்தவர்கள் மற்றவர்களை ஏற்றிப் போனார்கள். பஸ் பயணிகளில் முக்கால்வாசிப் பேர் கறுப்பர்கள்தான் என்பதால் கம்பெனிக்குப் பலத்த அடி. 381 நாள் இது நடந்தது. 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பஸ்ஸில் இனம் பிரித்து உட்காரவைப்பது செல்லாது என்றது. டிசம்பர் 21ஆம் தேதி அவர்கள் மறுபடி பஸ் ஏறி, விரும்பிய இடத்தில் உட்கார்ந்தார்கள்.

இனி நம் பக்கத்துக் காலண்டரைப் பார்ப்போம். ரோசா பார்க்ஸ் கைதாவதற்குச் சரியாக ஆறு மாதம் முன்பு, 1955 ஜூன் 1ஆம் தேதி, இந்தியாவில் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் அமலுக்கு வந்தது. கடை, ஓட்டல், கிணறு, பாதை, கோயில் எதிலும் யாரையும் தீண்டாமையின் பேரால் தடுக்கக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓட்டலில் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்தவும் தடை சொல்லக் கூடாது என்று அதில் தனியாகவே எழுதியிருக்கிறது. டீக்கடை டம்ளர் இந்தியச் சட்டப் புத்தகத்தில் அப்படி இடம் பிடித்தது. அமெரிக்காவில் ஓட்டலிலும் கடையிலும் இனப் பாகுபாடு கூடாது என்று நாடு முழுவதற்குமான குடியுரிமைச் சட்டம் வந்தது 1964 ஜூலை 2ஆம் தேதிதான். ஒன்பது வருடம் நாம் முந்திவிட்டோம்.

பிறகு ஏன் எங்கள் ஊர் டீக்கடையில் எனக்கு மீசை முளைத்த பின்னும் இரண்டு வகை டம்ளர் இருந்தது? நான் சொல்ல வந்தது அதைத்தான்.

நம்மூரிலும் பஸ் சண்டை நடந்தது

சட்டம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. அதற்குப் பின்னால் முப்பது வருட உழைப்பு உண்டு. அதில் நம் பகுதிக்கும் பங்கு உண்டு. 1922இல் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் மாநாடு நம் திருப்பூரில் நடந்தது. அதில் ஈரோட்டு ஈ.வெ.ராமசாமி, நாடார்களையும் தாழ்த்தப்பட்டவர்களையும் கோயிலுக்குள் விட வேண்டும் என்று பேசினார். எதிர்ப்புக் கிளம்பியது. அவர் கோபத்தோடு ராமாயணத்தையும் மனுதர்மத்தையும் கொளுத்த வேண்டும் என்று பேசியது அந்தச் சமயத்தில்தான். 1924இல் அவர் வைக்கம் போய், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக இரண்டு முறை சிறைக்குப் போனார்.

அதே 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடம் எதையும் தாழ்த்தப்பட்ட மக்கள் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அரசும் அதை ஏற்று ஆணை போட்டது. கோவைப் பக்கத்து உறுப்பினர் ஆர்.வீரையனும் அந்தக் காலத்தில் இந்தப் பாதை உரிமைக்காகச் சபையில் இடைவிடாமல் பேசியவர்.

பஸ் விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் மோட்டார் பஸ் ஓடத் தொடங்கிய காலத்தில் பல தனியார் பஸ்களில் தாழ்த்தப்பட்டவர்களை ஏற்றமாட்டார்கள். டிக்கெட்டிலேயே அப்படி அச்சடித்திருந்ததும் உண்டு. ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியனார், எல்லாரையும் ஏற்றாத பஸ்ஸின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். 1930ஐ ஒட்டிய காலம் அது. மாண்ட்கோமரிக்கு இருபத்தைந்து வருடம் முன்பு. அங்கே 381 நாள் நடந்து தீர்ந்தது, இங்கே ஓர் உத்தரவில் தீர்ந்தது. லைசென்ஸ் போனால் பஸ்காரருக்குப் பிழைப்புப் போகும் என்பதால் தீர்ந்தது. இந்த "பிழைப்பு" என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1938இல் எம்.சி.ராஜா கொண்டுவந்த சமூக உரிமைச் சட்டம் வந்தது. 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரையில் வைத்தியநாத ஐயர், கக்கன் முதலானோரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனார். இத்தனைக்கும் பிறகு வந்ததுதான் 1955 சட்டம்.

ஓட்டலுக்குள் ஒரு கோடு, வெளியே ஒரு கோடு

இந்த இடத்தில் நம் தலைமுறைக்காரர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். ஓட்டலில் அவமானப்பட்ட அனுபவம் நம் அப்பாருக்கும் இருந்தது. ரயில் நிலையச் சாப்பாட்டு அறையில் பிராமணருக்குத் தனி இடம், "இதராளு"க்குத் தனி இடம். இதராள் என்பது நம் அப்பாரைத்தான். ரயில்வேயில் அந்தப் பிரிவு 1941இல் ஒழிந்தது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஓட்டலின் போர்டில் "பிராமணாள்" என்ற சொல்லை எடுக்கச் சொல்லி பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்தார்கள். தினமும் ஒரு கூட்டம் கைதாகும், மறுநாள் இன்னொரு கூட்டம் வரும். மாதக்கணக்கில் நடந்து, ஆயிரம் பேர் அளவில் சிறைக்குப் போய், கடைசியில் அந்தச் சொல் போனது. அமெரிக்காவில் கிரீன்ஸ்பரோ ஊரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கான உணவு மேசையில் உட்கார்ந்து காபி கேட்ட போராட்டம் 1960 பிப்ரவரி 1ஆம் தேதி. அதற்கு மூன்று வருடம் முன்பே நம் ஆட்கள் ஓட்டல் வாசலில் நின்றுவிட்டார்கள்.

எங்கள் ஊரில் அந்தச் சேதியைப் பெருமையாகப் பேசினார்கள். எங்கள் அப்பாரும் பேசினார். பேசிய திண்ணைக்கு எதிரேதான் டீக்கடை. அந்தக் கடையின் கூரையில் மூன்று அலுமினிய டம்ளர்கள் செருகியிருக்கும். வளவிலிருந்து வருகிறவர்கள் அதை எடுத்துக் கழுவி, கீழே நின்று நீட்ட வேண்டும். கடைக்காரர் ஒரு முழ உயரத்திலிருந்து டீயை ஊற்றுவார். குத்தவைத்துக் குடித்துவிட்டு, கழுவி, திரும்பக் கூரையில் செருகிவிட்டுப் போக வேண்டும். அதற்கு முந்தி கொட்டாங்குச்சியாம். டம்ளர் வந்ததையே முன்னேற்றம் என்றுதான் பேசிக்கொள்வார்கள். எங்களுக்குக் கண்ணாடிக் கிளாஸ், பெஞ்சு.

எங்கள் தோட்டத்தில் இருந்தவரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? மின்சார மோட்டார் வருவதற்கு முந்திக் கவலை ஓட்டியவர் அவர். கவலைக்குத் தோல் பறி தைப்பதும் அவர் கைதான். அவர் தைத்த தோலில் ஏறி வந்த தண்ணீரைத்தான் வாய்க்காலில் மொண்டு குடித்தோம், பாத்திரம் கழுவினோம். அதில் தீட்டு இல்லை. அவர் உதடு பட்ட டம்ளரில்தான் தீட்டு. எட்டு வயதில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "டேய்" போட்டும் கூப்பிட்டிருக்கிறேன். ஐம்பது வயதுக்காரர் என்னைப் பார்த்து "சொல்லுங்க சாமி" என்பார். எனக்கு இதில் தவறாக எதுவும் படவில்லை. யாரும் சொல்லித் தரவும் இல்லை, திட்டவும் இல்லை. காற்று மாதிரி இருந்தது.

அமெரிக்காவிலும் அப்படித்தான். தென்மாநிலங்களில் நரைத்த கறுப்பரையும் வெள்ளையர்கள் "பையா" என்றுதான் கூப்பிடுவார்கள், பெண்களைப் பெயர் சொல்லி. மரியாதைச் சொல் சேர்க்க மாட்டார்கள். 1963இல் அலபாமா கோர்ட் ஒன்றில் மேரி ஹாமில்டன் என்ற கறுப்பின இளம்பெண்ணை அரசு வக்கீல் "மேரி" என்று கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். வெள்ளைக்காரச் சாட்சிகளைக் கூப்பிடுவதுபோல் "மிஸ் ஹாமில்டன்" என்று கூப்பிட்டால்தான் பதில் சொல்வேன் என்றார் அவர். நீதிபதி கோர்ட் அவமதிப்பு என்று சிறைக்கு அனுப்பினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1964இல் அந்தத் தண்டனை ரத்தானது. கூப்பிடுகிற சொல்லுக்காக ஒரு பெண் சிறைக்குப் போயிருக்கிறார் என்று படித்தபோது எனக்கு அந்த "சரிங்கண்ணா" காதில் கேட்டது.

ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். அங்கே வெள்ளையர் வீட்டில் சமைத்ததும் குழந்தை வளர்த்ததும் கறுப்பினப் பெண்கள். அவர்கள் கையால் சாப்பிடத் தடை இல்லை, கூட உட்கார்ந்து சாப்பிடத்தான் தடை. கிரீன்ஸ்பரோ கடையில் ஆறு மாதப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஜூலையில் முதன்முதலாக உட்காரவைத்துப் பரிமாறப்பட்ட கறுப்பர்கள் அந்தக் கடையிலேயே வேலை செய்தவர்கள்தான். நம் நாட்டில் கை பட்டாலே ஆகாது. அதனால் நம்முடைய நோய் இன்னும் ஒரு சுற்று ஆழமானது.

சட்டம் ஏன் தூங்கியது?

1955 சட்டம் டம்ளரையே எழுதி வைத்தும் எங்கள் ஊர்க் கூரையில் டம்ளர் ஏன் இருந்தது? யாரும் கேட்கவில்லை என்பது ஒரு பதில். ஏன் கேட்கவில்லை?

ரோசா பார்க்ஸின் கதையில் பலர் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. போராட்டம் தொடங்கிய அடுத்த மாதமே அவருக்கு டைலர் வேலை போய்விட்டது. 1957இல் அவரும் கணவரும் மாண்ட்கோமரியை விட்டே போனார்கள். கைதான அன்று அவரை ஜாமீனில் எடுத்தவர்களில் ஒருவர் ஈ.டி.நிக்சன். அவர் ரயிலில் போர்ட்டர் வேலை பார்த்தவர், தொழிற்சங்கக்காரர். அவருக்குச் சம்பளம் ரயில் பெட்டிக் கம்பெனியிலிருந்து வந்தது, உள்ளூர் வெள்ளையர் கையிலிருந்து வரவில்லை. கிங் போன்ற பாதிரியார்களுக்கும் சம்பளம் கொடுத்தது அவர்களுடைய சபை மக்களே. முன்னால் நின்றவர்களில் பலர் அப்படி வேறு கையிலிருந்து கூலி வாங்கியவர்கள்.

கிராமத்துக் கறுப்பருக்கு அந்த வசதி இல்லை. டென்னசி மாநிலத்தில் ஃபயட் என்ற பகுதியில், 1960இல் வாக்காளராகப் பதிந்த குற்றத்துக்காக வாரத்துக்கு நிலம் உழுத கறுப்பினக் குடும்பங்களை நிலக்காரர்கள் வீட்டை விட்டு வெளியேற்றினார்கள். அந்தக் குளிர்காலத்தை அவர்கள் கூடாரம் போட்டுக் கழித்தார்கள்.

இதை எங்கள் ஊரோடு வைத்துப் பாருங்கள். பண்ணையத்துக்கு இருப்பது என்றால் வருடக் கணக்கு. தை மாதம் பேசி, முன்பணம் வாங்கி, கம்பும் ராகியுமாகக் கூலி. கல்யாணம், சாவு என்று வாங்கிய கடன் அடுத்த வருடக் கணக்கில் ஏறும். அவர் குடியிருந்த வளவுக்கு வழி எங்கள் பூமியில். அவருடைய ஆடு மேய்ந்தது எங்கள் வேலியோரம். டீக்கடைக்காரர் எங்கள் பங்காளி. அவர் ஒரு நாள் கூரை டம்ளரை விட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து "கிளாசில் ஒரு டீ" என்று கேட்டிருந்தால், சட்டப்படி சரி. மறுநாள் காலையில் அவர் எங்கே வேலைக்குப் போவார்? சட்டம் டெல்லியில் இருந்தது. கஞ்சி எங்கள் கையில் இருந்தது.

எதிர்த்து நின்றவர்கள் நம் பக்கத்திலேயும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கோபியில் ஜி.எஸ்.லட்சுமணய்யர் குடும்பம், தாழ்த்தப்பட்டவர்களை வீட்டுக்குள் அழைத்ததற்காகச் சொந்தச் சாதியாரால் ஒதுக்கிவைக்கப்பட்ட குடும்பம். அவர் பின்னாளில் கோபி நகராட்சித் தலைவராகி, மனிதர் மலத்தை மனிதர் அள்ளும் கொடுமையை அந்த ஊரில் ஒழித்தார். இங்கிருந்து ஒன்றரை மணி நேர பஸ் தூரம். நாங்களும் அப்படி இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

பனியன் கம்பெனி என்ன செய்தது?

1970களில் மூன்று காரியங்கள் ஒரே சமயத்தில் நடந்தன. கிணற்றில் மோட்டார் வந்து கவலை நின்றது. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்து, பழைய பண்ணைக் கடன் செல்லாது என்றது. திருப்பூரில் பனியன் கம்பெனிகள் பெருகின. அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஏற்றுமதியும் சூடு பிடித்தது. ஆள் வேண்டும், ஆள் வேண்டும் என்று எங்கும் கூக்குரல்.

கம்பெனிக்காரர்கள் யாரும் சாதியை ஒழிக்கக் கடை திறக்கவில்லை. அவர்களுக்குச் சரக்கு கப்பலுக்குப் போக வேண்டும். ராத்திரி நைட் பார்க்க ஆள் வேண்டும். யார் வீட்டுப் பையன் என்று கேட்க நேரம் இல்லை. பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் டீக்கடைப் பையன் தூக்குப் போசியில் டீயும் கம்பிக் கூடையில் கிளாசும் கொண்டுவருவான். யார் குடித்த கிளாஸ் யாருக்கு வருகிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து அடுத்தவருக்கு ஊற்றுவான். ஊரில் நூறு வருடம் காத்த தீட்டு அந்த வாளியில் கரைந்தது.

அந்தச் சனிக்கிழமைக் கவரில் இருந்த பணம் எங்கள் தோட்டத்துப் பணம் அல்ல. அதை வாங்கியவர் எங்களிடம் முன்பணம் வாங்க வேண்டியதில்லை. "சாமி" போய் "அண்ணா" வந்ததற்குக் காரணம் அதுதான். என்னைக் குத்தியதும் அதுதான். எங்கள் கையில் இருந்த கயிறு நழுவுவதை என் உடம்பு முதலில் தெரிந்துகொண்டது, புத்தி பின்னால் தெரிந்துகொண்டது.

பின்னர் ஒரு பொங்கலுக்கு அவர் ஊருக்கு வந்தபோது பேண்ட் சட்டையோடு டீக்கடைக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். கூட கம்பெனி நண்பர்கள் நான்கு பேர், வேறு வேறு சாதி. "அஞ்சு டீ" என்றார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பத்திரிகையைப் பார்த்தேன். ஐந்து கண்ணாடிக் கிளாசில் டீ வந்தது. சண்டை இல்லை, போலீஸ் இல்லை. அந்த வருடமே கூரை டம்ளர்கள் காணாமல் போயின.

1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் கஞ்சித்தொட்டிகளில் எல்லாச் சாதியாரும் ஒரே பாத்திரத்துக் கஞ்சியைக் குடித்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் இதைத் திருப்பூரின் புகழ்பாடலாக முடிக்க எனக்கு மனம் வரவில்லை. வேலை கொடுத்தாலே விடுதலை வந்துவிடாது. அந்தக் கூலி எப்படி வருகிறது என்பதைப் பொறுத்தது. விசைத்தறிக் குடோன்களில் பெரிய முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு கட்டிப்போடுகிற இடங்களில் பழைய பண்ணையமே வேறு சத்தத்தோடு ஓடியது. கம்பெனி முதலாளிகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தாலும், டைலர் வரிசையில் கலந்த சாதிகள் அங்கே கலக்கவில்லை என்பது தெரியும். வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவரிடம் "நீங்க எந்த ஊர், எந்தப் பக்கம்?" என்று சுற்றி வளைத்து என்ன கேட்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

முடியாத கணக்கு

2018 ஜூலையில் நம் மாவட்டத்திலேயே, அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில், அரசுப் பள்ளிச் சத்துணவுக்கு அருந்ததியர் பெண் ஒருவர் சமையலராக வந்தார். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று சிலர் பள்ளியை மறித்தார்கள். அதிகாரிகள் முதலில் அந்த அம்மாவையே இடமாற்றம் செய்தார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகுதான் அந்த உத்தரவு ரத்தாகி, மறித்தவர்கள் மேல் வழக்குப் பதிவானது. இரட்டை டம்ளர் போனதாக நாம் நிம்மதியாக இருந்த காலம் இது. 2019 டிசம்பர் 2ஆம் தேதி மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஒரு பெரிய மதில் இடிந்து பக்கத்து வீடுகள் மேல் விழுந்தது. பதினேழு பேர் இறந்தார்கள். அந்த மதில் எதற்காக அவ்வளவு உயரம் என்று அங்குள்ளவர்கள் கேட்ட கேள்வியை நாடே கேட்டது.

இப்போது பேக்கரிகளில் பேப்பர் கப் வந்துவிட்டது. யாருக்கும் தனி கிளாஸ் தேவையில்லை. சுத்தம்தான். ஆனால் சில ஊர்களில் ஒரு பக்கத்தாருக்கு மட்டும் பேப்பர் கப்பை நீட்டி, மற்றவர்களுக்குக் கண்ணாடிக் கிளாசில் கொடுக்கிறார்கள். பார்க்கிற கண்ணுக்குத் தெரியும்.

மார்ட்டின் லூதர் கிங் 1959இல் இந்தியா வந்தார். தமிழ்நாட்டுக்கும் வந்தார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனபோது, அங்கே படித்தவர்கள் தீண்டத்தகாதவர்கள் எனப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள். தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று அறிமுகம் செய்தார். கிங்குக்கு முதலில் அதிர்ச்சியாக இருந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. பிறகு தன் நாட்டில் தன் மக்கள் இருக்கும் நிலையை நினைத்துப் பார்த்து, ஆமாம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று தனக்குள் ஒப்புக்கொண்டதாகப் பின்னாளில் தன் சபையில் சொன்னார். அவர் தன் பக்கத்து உண்மையை ஒப்புக்கொண்டார். என் பக்கத்து உண்மையை நான் ஒப்புக்கொள்ள இத்தனை வருடம் பிடித்தது.

எங்கள் தோட்டத்தில் கவலை ஓட்டியவர் 1983இல் இறந்துபோனார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவருடைய மகனும் பேரப்பிள்ளைகளும் திருப்பூரில் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்காமல் எழுதுவது முறையல்ல. ஆனால் இதை எழுதும்போது ஒன்றைக் கவனித்தேன். முதல் வரியிலிருந்து அவரை "அவர்" என்றே எழுதிவந்திருக்கிறேன். யோசித்து எழுதவில்லை, கை தானாக எழுதியது. அவர் உயிரோடு இருந்தவரை, பக்கத்தில் நின்று, ஒரு நாள்கூட நான் அப்படி வாய் திறந்து சொன்னதில்லை.